பத்து மூச்சு

"உள்ளங்கையக் கவனிங்க" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. மௌனம் தொடங்குவதற்கு முன் அவள் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு மதியம் ஒரு மணி வரை அந்த மாடி அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நாங்கள் ஒன்பது பேர் தரையில் தியானத்தில் உட்கார்ந்திருந்தோம். நானும் நல்ல பிள்ளையாக உள்ளங்கையைக் கவனித்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம் சூடு தெரிந்தது. பிறகு விரல் நுனியில் குறுகுறுப்பு. எட்டு மாதமாக வாராவாரம் வருவதால் இதெல்லாம் எனக்குப் பழக்கம். மூச்சைக் கவனித்தபடி இருந்தேன். அப்போது, யாரும் கேட்காமலே, என் இரண்டு கைகளும் முந்தைய நாள் மாலை தூக்கிக் கொடுத்த ஒரு டிரேயை நினைத்துக்கொண்டன. அதன் எடையும், சுற்றியிருந்த பச்சைத் துணியின் சொரசொரப்பும் நினைவுக்கு வந்தன. கூடவே, அது சில்லென்று இருந்ததும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் ஒரு மருத்துவமனையில் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, டிரேயில் அடுக்கி, துணியில் கட்டி, ஆவி இயந்திரத்துக்குள் வைத்து எடுப்பது என் வேலை. பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டின துணிமேல் ஒரு டேப் ஒட்டுவோம். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். ஆவி சரியாகப் பட்டால் கோடுகள் கறுக்கும். இயந்திரத்துக்கு இடதுபுறம் ஒரு மேஜை, உள்ளே போக வேண்டியவற்றுக்கு. வலதுபுறம் ஒன்று, வெந்து வந்தவற்றுக்கு. வலது மேஜையில் இருப்பது சூடாக இருக்கும், கோடு கறுத்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

முந்தைய நாள் மாலை ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் புயல் மாதிரி வந்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு ஏணியிலிருந்து விழுந்த பெயின்டருக்குக் காலில் தகடு வைக்கும் ஆபரேஷன். எலும்பு டிரே இன்னும் தியேட்டருக்கு வரவில்லையாம்.

"தூங்கிட்டா இருக்கீங்க? எத்தன தடவ ஆள் அனுப்பறது?" என்று கதவிலேயே நின்று கத்தினாள்.

யாரும் வந்து கேட்கவில்லை. சத்தியமாக வரவில்லை. எனக்கும் அவளுக்கும் நாலு வருடமாக ஏழாம் பொருத்தம். போன வருடம் இதே மாதிரி ஒரு பேச்சுக்கு, கையிலிருந்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். அது நசுங்கிப் போனது. தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "எங்கயாவது போய் அமைதியா இருக்கக் கத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார். அப்படித்தான் இந்த மாடிக்கு வந்தேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே தியானம். இரண்டையும் நடத்துகிறவள் ஒருத்தியே. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பௌத்தம் படித்தவள், படித்ததை அலட்டாதவள். கோபம் வந்தால் பேசுவதற்கு முன்னால் பத்து மூச்சு எண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள்.

நேற்று எண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு, சிஸ்டர் எதிரில் நிற்கும்போதே, ஒன்று முதல் பத்து வரை எண்ணினேன். கோபம் மேலே ஏறுவதையும் மெல்ல இறங்குவதையும் பார்த்தேன். என்ன ஒரு பெருமை எனக்கு! கண்ணைத் திறந்து, சிரித்த முகத்தோடு, பக்கத்திலிருந்த எலும்பு டிரேயைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "இன்னிக்கு நான் சண்டையே போடல, தெரியுமா?" என்று மார்தட்டினேன்.

பக்கத்திலிருந்த டிரே என்றேனே, எந்தப் பக்கம்? அதுதான் நினைவில் இல்லை. கோடு கறுத்திருந்ததா? அதுவும் நினைவில் இல்லை. மூச்சு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. டேப் மட்டும் இல்லை.

கண்ணாடிக்கடைக்காரி அரை மணிக்கு ஒருமுறை சின்ன மணி ஒன்றை அடிப்பாள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். இதுவரை இரண்டு முறை அடித்திருக்கிறாள். அப்படியானால் பத்து தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று தெரியவில்லை. அறையில் கடிகாரம் கிடையாது. எதிர்ச் சுவரில் கடையின் பழைய கண் பரிசோதனை அட்டை மட்டும் தொங்கியது, பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடிகிற அட்டை. ஃபோன்களை எல்லாம் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

'கவலை, கவலை' என்று மனசுக்குள் பெயர் சொன்னேன். வருகிற எண்ணத்துக்குப் பெயர் வை, பின்னால் ஓடாதே, அது தானாகப் போகும் என்பது இங்கே பாடம். பெயர் வைத்தேன். போகவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் அலாரம். காரணமே இல்லாமல் அடிப்பேன், நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அடிப்பேன் என்பார். வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத நாள் கிடையாது. இந்த மாடியிலிருந்தே மூன்று முறை பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். ஒரு முறை கேஸ் அடுப்பு, ஒரு முறை இஸ்திரிப் பெட்டி, ஒரு முறை மொட்டைமாடிக் குழாய். மூன்றும் ஒழுங்காக அணைத்தும் மூடியும் இருந்தன. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது, பக்கத்தில் உட்காரும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக்கடைக்காரி சிரிக்கவில்லை. "அக்கா, அடுத்த தடவ எந்திரிக்கணும்னு தோணுச்சுன்னா, அந்தத் தோணலோடயே கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆகவே உட்கார்ந்தேன். இன்றும் அதே அலாரம்தான் என்று எனக்கு நானே சொன்னேன். காலையில் முதலாவதாக வெந்து ஆறிப்போன டிரேயாக இருக்கலாம், ஆறினால் சில்லென்றுதானே இருக்கும்? அப்படியே நான் தவறியிருந்தாலும், சிஸ்டர் தியேட்டரில் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் கோட்டைப் பார்ப்பாள். அதற்குத்தான் அவள் இருக்கிறாள். அவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்? இப்படிச் சொன்னதும் கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

என்ன பயம் இது என்று உற்றுப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெயின்டரின் காலைப் பற்றிய பயம் அதில் ஒரு பங்கு இருந்தால், ஃபோன் செய்து கேட்டு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் சிஸ்டர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாளே என்ற பயம் மூன்று பங்கு இருந்தது. என்னை அந்த அறையில் கட்டிப்போட்டிருந்தது அமைதி இல்லை, மானம்.

முந்தைய நாள் மதியம் அந்தப் பெயின்டரின் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணவரின் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். டிரேக்களைத் தள்ளிக்கொண்டு போன என்னை நிறுத்தி, "இதெல்லாம் நல்லா சுத்தமா இருக்கும்ல? எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு உள்ள சீழ் வச்சு காலையே எடுத்துட்டாங்க" என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "என் கண்ணுல படாம ஒரு ஊசி கூட உள்ள போகாதும்மா. நிம்மதியா இருங்க" என்றேன்.

மூன்றாவது மணி அடித்தது. பத்தரை.

எழுந்துவிட்டேன். முட்டி சொடக்குப் போட்டது. ஏஜென்ட் ஒரு கண்ணைத் திறந்து, வந்துவிட்டதா அலாரம் என்பது போலப் பார்த்தார். எழுந்த வேகத்தில் அவர் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டேன், அது உருண்டு போய் அலமாரியில் மோதியது. கண்ணாடிக்கடைக்காரியின் தோளைத் தொட்டேன்.

"சாவி வேணும்."

அவள் குரலைத் தாழ்த்தி, "கேஸாக்கா?" என்றாள்.

"இல்ல. ஒரு மனுஷனோட காலு."

இரண்டு வரியில் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கோட்டப் பாத்தீங்களா, பாக்கலையா?"

"தெரியலம்மா. டிரே சில்லுன்னு இருந்துச்சு. அது மட்டுந்தான் தெரியுது."

"அப்ப போங்கக்கா. இதுக்கெல்லாமா உக்காந்துட்டு இருப்பாங்க?" என்று சாவியை என் கையில் திணித்தாள். மௌனமாவது ஒன்றாவது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவளே சத்தமாகச் சொன்னாள்.

படியில் இறங்கிக்கொண்டே தியேட்டர் நம்பரை அழுத்தினேன். ஐந்து முறை மணி போனது. ஆறாவதில் சிஸ்டரே எடுத்தாள்.

"எலும்பு டிரேயப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிச்சு வச்சாச்சு. ஏன்? ஆளை உள்ள கூட்டிட்டு வந்துட்டோம், முதுகுல ஊசி போடப் போறாங்க. வேலையா இருக்கேன்."

"ஊசி போட வேணாம்னு சொல்லுங்க. டேப்ப பாருங்க."

"டேப்ப குப்பையில போட்டாச்சே! என்ன விஷயம்?"

"எடுத்துப் பாருங்க சிஸ்டர். உங்க கால்ல வேணாலும் விழறேன், எடுத்துப் பாருங்க."

என் வாயிலிருந்து அவளிடம் இப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஃபோனை மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. குப்பைத்தொட்டியின் மூடி திறந்தது. காகிதங்கள் சரசரத்தன. தூரத்தில் டாக்டர் யாரிடமோ கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கடை வாசலில் நின்றிருந்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, வெளுத்துப்போய் இருந்தது. கறுப்பாக இருக்கட்டும், கறுப்பாக இருக்கட்டும், என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லட்டும், வாழ்நாள் முழுக்கச் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இத்தனை நேரம் எதற்குப் பயந்தேனோ அதையே வரமாகக் கேட்டேன்.

ஃபோனை மறுபடி எடுத்தாள்.

"வெளுப்பா இருக்கு" என்றாள். "ஒரு கோடு கூட கறுக்கல."

மருத்துவமனை பத்து நிமிட நடை. எப்படிப் போனேன் என்று தெரியாது, ஓடியிருப்பேன். எங்களிடம் எலும்பு டிரே அது ஒன்றுதான். சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு பேரும் கருவிகளைப் புதுத் துணியில் கட்டினோம், டேப் ஒட்டினோம், உள்ளே வைத்துக் கதவைத் திருகினேன். முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். நான் கண்ணை மூடவில்லை. இயந்திரத்தின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் போகாமல் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். நேற்றைய பக்கத்தில், எலும்பு டிரே என்ற வரியில், 'கோடு கறுத்தது, பார்த்தேன்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. அதை எப்போது போட்டேன் என்று எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு. ஈரக் கையோடு ஒவ்வொரு தடவையும் பேனா பிடிக்க முடியாது என்று பக்கம் முழுக்கக் காலையிலேயே போட்டுவிடுவது எங்கள் அறையில் வழக்கம். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அது பொய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, எப்படியும் பார்க்கத்தானே போகிறேன்.

"நான் பாக்கல" என்றேன். "மூச்ச எண்ணிக்கிட்டு இருந்தேன். உங்க மேல கோபப்படக் கூடாதுன்னு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அதே வரியில் அடுத்த கட்டத்தில் விரலை வைத்தாள். 'பிரிக்கும் முன் பார்த்தேன்.' அதில் அவள் கையெழுத்து இருந்தது, நேற்று டிரேயை வாங்கும்போதே போட்டது.

"நானும் பாக்கல" என்றாள். "நீங்க குடுத்தா நான் பாக்கறதே இல்ல. நாலு வருஷமா பாத்ததில்ல. வாய்தான் பெருசே ஒழிய, வேலையில நீங்க தப்ப மாட்டீங்கன்னு…" மூக்கை உறிஞ்சினாள்.

நான் அவளை நம்பி விட்டேன், அவள் என்னை நம்பி விட்டாள். நாலு வருடம் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டே இப்படி ஒரு நம்பிக்கை வைத்திருந்தோம். அந்த நாலு வருடத்தில் எத்தனை டிரே போயிருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. இந்த முறை அதற்கு நான் பெயர் எதுவும் வைக்கவில்லை.

கோடுகள் கருகருவென்று வந்தன. நான் பார்த்தேன், அவள் பார்த்தாள், கையெழுத்தைப் பிறகு போட்டோம். சூடு ஆறும்வரை அந்த டிரேக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் நின்றோம், பிறகு அவளே அதை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணிக்கு ஆபரேஷன் ஆரம்பித்தது.

தலைமை டாக்டர் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நல்லவேள, முன்னாடியே கண்டுபிடிச்சீங்க. ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க, காலையிலயே கையெழுத்துப் போடற வேலைய இன்னியோட நிறுத்துங்க. வெளிய இருக்கிற பெயின்டர் சம்சாரத்துக்கிட்ட மிஷின் ரிப்பேர்னு சொல்லியாச்சு. அவங்களப் போய்க் கலவரப்படுத்த வேணாம்" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தம்மா அதே பெஞ்சில், மடியில் அதே செருப்புப் பையோடு இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மிஷின் ரிப்பேராமே? எனக்கு உசுரே போச்சு. அப்புறம், நீங்கதான் இருக்கீங்களே, உங்க கண்ணத் தாண்டி ஒண்ணும் போகாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

கிண்ணத்தை நசுக்கியவள் நான், ஆனால் இந்தப் பேச்சில் நான்தான் நசுங்கிப் போனேன்.

பேசுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வாள் கண்ணாடிக்கடைக்காரி. இது உண்மையா? பயன் உண்டா? அன்போடு சொல்கிறேனா? இதற்கு இது நேரமா? கேட்டுப் பார்த்தேன். கணவர் உள்ளே கிடக்கும்போது சொன்னால் துடித்துப்போவாள், நேரமில்லை. ஆபத்துதான் தப்பிவிட்டதே, பயனில்லை. என் பாரத்தை அவள் தலையில் இறக்குவது அன்பாகாது. அடேயப்பா, எவ்வளவு அழகாகத் தப்பிக்கிறேன்! நேற்று மூச்சு எண்ணியவளும் இவள்தான். நேரம் என்கிற ஒன்றுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் தன் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள், அவர் எப்போதும் ஏணியின் கடைசிப் படியில் ஏறுவார் என்றாள். நான் 'ம்' கொட்டினேன்.

மூன்றரைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் விழித்திருந்தார், மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வார்டுக்குள் கொண்டுபோனார்கள். பின்னாலேயே தியேட்டர் சிஸ்டர் தொப்பியைக் கழற்றியபடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அந்தம்மா வார்டுக்குப் போக எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா" என்றேன்.

பத்து மூச்சு எண்ணலாமா என்று இருந்தது. எண்ணவில்லை.

"மிஷின் ரிப்பேர் இல்ல. நேத்து நான் பாக்காமலே டிரேயக் குடுத்துட்டேன், அது ஆவியில வைக்காத டிரே. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம். உங்க வீட்டுக்காரர் மேல அது படக்கூட இல்ல, மறுபடி ஆவியில வச்சு, பாத்துத்தான் குடுத்தோம். ஆனா என் கண்ணுல படாம ஒண்ணும் போகாதுன்னு உங்ககிட்டச் சொன்னேனே, அது பொய்யாப் போச்சு."

"வாங்குன நானும் பாக்கலம்மா" என்றாள் சிஸ்டர்.

அந்தம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள், அழுவாள், யாரையாவது கூப்பிடுவாள் என்று நின்றேன். அவள் செருப்புப் பையின் வாயை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

"இன்னிக்குப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

அவள் எழுந்து வார்டு வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். முகத்தில் அந்தப் பழைய மலர்ச்சி இல்லை.

"தையல் பிரிக்க வருவோம்ல, அன்னிக்கு அந்தக் கோடு எப்படி இருக்கும்னு எனக்கும் காட்டுங்க. நானே பாத்துக்கறேன்."

காட்டுகிறேன் என்றேன்.